வாலிநோக்கத்தில் எத்தனை பேருக்கு வேலை?

ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இரண்டுதான். எத்தனை ஜனம் இருக்கும்? என்ன தொழில் பார்க்கிறார்கள்? தஞ்சாவூர்ப் பக்கத்து ஊராக இருந்தால் இரண்டாவது கேள்விக்கு "விவசாயம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். திருப்பூர்ப் பக்கம் என்றால் "பனியன் கம்பெனி". வாலிநோக்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்பவர் கொஞ்சம் யோசிப்பார். "கடலுக்குப் போவாங்க, உப்பளத்துக்குப் போவாங்க, வெளிநாட்டுலயும் ஆளுங்க இருக்காங்க" என்று ஆரம்பித்துவிட்டு, "எந்த மாசத்தைக் கேக்குறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் ஆச்சரியமில்லை. அவர் கேட்பதுதான் சரியான கேள்வி என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான விஷயம், இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டம். கீழக்கரை, ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி போகும் வழியில் தெற்கே திரும்பிக் கடலை எட்டினால் வாலிநோக்கம். முன்னால் மன்னார் வளைகுடா, வளைந்து கிடக்கும் கரை. கரைக்குப் பின்னால் கண் கூசும் வெள்ளையில் உப்பளங்கள். இன்னும் உள்ளே போனால் பனை, சீமைக்கருவேலம், மழையை நம்பிய காடுகள், மிளகாய்ச் செடிகள். மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 237 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுக்க 13,53,445 பேர். அதற்குப் பிறகு 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. ஆகவே ஊர் ஊராக நம் கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு இன்னமும் 2011-ஐச் சேர்ந்ததுதான். அப்போது பிறந்த குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஊர் என்றால் எது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஊர் என்பது வருவாய் கிராமம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் வரைபடத்தில் சர்வே எண்களோடு எல்லை போட்ட நிலப்பரப்பு அது. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஊர் என்பது ஊராட்சி. அது பல குடியிருப்புகளைச் சேர்த்தது. மீன்வளத் துறைக்கு ஊர் என்பது மீனவ கிராமம். படகு கட்டும் கரையையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் வைத்து வருவது. மூன்றின் எல்லையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 573 கடல் மீனவ கிராமங்கள், 1,92,697 மீனவக் குடும்பங்கள், 8,02,912 பேர். அந்தக் கணக்கில் ஒரு கரைக்கு ஓர் எண் இருக்கும், மக்கள்தொகைக் கணக்கில் அதே பெயருக்கு வேறோர் எண் இருக்கும். இரண்டும் பொய்யல்ல. ஒன்று அந்த எல்லைக்குள் குடியிருக்கும் எல்லாரையும் எண்ணுகிறது, இன்னொன்று மீனவக் குடும்பங்களை மட்டும் எண்ணுகிறது. உப்பளத்தை மட்டும் நம்பிய வீடு இரண்டாவதில் வரவே வராது. இணையத்தில் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று எண்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்: எண்ணியது யார், எந்த ஊரை?

அடுத்தது, யாரை எண்ணுகிறார்கள் என்பது. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை இருபது நாள் வீடு வீடாகப் போனார்கள். வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவர், அந்த இருபது நாளில் ஒரு பகுதியாவது அங்கே இருந்தால் அல்லது அதற்குள் திரும்பி வந்துவிடுவார் என்றால் கணக்கில் சேர்வார். முழு இருபது நாளும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் அந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார். கீழக்கரை முதல் சாயல்குடி வரை வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் ஆள் போயிருக்கும் வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுச் சுவரும் கூரையும், பிள்ளைகளின் படிப்பும், தங்கையின் கல்யாணமும் அவர் அனுப்பும் பணத்தில் நடக்கும். ஆனால் ஊரின் மக்கள்தொகையிலும் அவர் இல்லை, ஊரின் தொழில் பட்டியலிலும் அவர் வேலை இல்லை. கணக்கின் விதிப்படி இது சரிதான், ஓர் ஆளை இரண்டு இடத்தில் எண்ணக்கூடாது. எண்ணை வாசிக்கிற நாம் அதை மறந்துவிட்டால்தான் தவறு. இருக்கிற ஆட்களின் தொழிலை வைத்து அந்த வீட்டின் வருமானத்தைக் கணிக்கப் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

சரி, தொழிலுக்கு வருவோம். வேலை பார்ப்பவர் ஒவ்வொருவரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நான்கு பிரிவில் ஒன்றில் போடுகிறது. சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர், மற்றத் தொழிலாளர். நெல் விளையும் ஊருக்கு இது பொருத்தமான பிரிவு. முதல் இரண்டிலேயே பாதிக்கு மேல் ஜனம் வந்துவிடும். கடற்கரையில் என்ன ஆகும்? மீன்பிடிப்பவர் "மற்றத் தொழிலாளர்". உப்பு வாருபவரும் அதேதான். பள்ளிக்கூட வாத்தியார், டிரைவர், கொத்தனார், மீன் ஏலம் எடுப்பவர், பாசி எடுக்கும் பெண் எல்லாரும் அதே பிரிவில். ஊரின் உயிர்நாடியான இரண்டு தொழில்களும் "மற்றவை" என்ற தலைப்பின் கீழ் மறைந்துபோகின்றன. கிராம அளவில் நமக்குக் கிடைக்கும் அட்டவணை இதற்கு மேல் உடைத்துக் காட்டுவதில்லை. கணக்கெடுப்பாளர் கேள்வித்தாளில் என்ன வேலை, எந்த மாதிரித் தொழில் என்று எழுதிக்கொண்டு போவது உண்மை. அந்த விவரம் மாவட்ட அளவுக்குத் திரட்டிய பிறகுதான் வெளியே வரும்.

திரட்டும்போது இன்னொன்று நடக்கிறது. தேசியத் தொழில் வகைப்பாட்டில், 2008-ல் வெளியான பட்டியலின்படி, மீன்பிடிப்பு விவசாயத்தோடும் வனத்தோடும் சேர்ந்த முதல் பகுதியில் இருக்கிறது. உப்பெடுப்பு அடுத்த பகுதியில், சுரங்கம், குவாரியோடு. அதாவது புருஷன் நாட்டுப்படகில் போய், பெண்டாட்டி அளத்தில் உப்பு வாரினால், அரசாங்கத்தின் பேரேட்டில் அவர் விவசாயத்தின் பக்கம், அந்தம்மா சுரங்கத்தின் பக்கம். உலகம் முழுக்க உள்ள ஏற்பாடு அது. ஆனால் கடலாடி வட்டத்தில் சுரங்கத் தொழிலாளர் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், தலையில் முண்டாசு கட்டி, வெயிலில் பாத்திக்குள் நிற்கும் பெண்கள் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார்கள்.

உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கணக்கின் சிக்கல் எல்லாம் அங்கேதான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-ல் தொடங்கியது. அதன் உப்பளம் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் 5,000 ஏக்கருக்கு மேல் பரவியது. மழை பொய்க்கும் மாவட்டத்தில் கூலி வேலை கிடைக்கவேண்டும் என்பதும் அதைத் தொடங்கியதற்கு ஒரு காரணம். "அரசு" என்ற பெயரில் ரேஷன் கடையில் வாங்கியிருப்பீர்களே, அந்த உப்பு. 2014-ல் அம்மா உப்பு வந்தது, பிறகு நெய்தல் உப்பு. எல்லாம் இந்த நிறுவனத்தினுடையவைதான்.

உப்பு விளைவது எப்படி என்று பார்த்தால் கணக்கு ஏன் தடுமாறுகிறது என்பது புரியும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாம் சேர்த்து சுமார் 35 கிராம். அதில் நாம் சாப்பிடும் உப்பு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். தண்ணீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு, அங்கிருந்து அடுத்தடுத்த கட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அடர்த்தி ஏறும். அதை அளக்க ஒரு மானி உண்டு. கடல் தண்ணீர் அதில் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே காட்டும். போகிற வழியிலேயே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடும். இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போது, அதாவது பத்துப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டிய பிறகு, பாத்தியில் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும், ஆகவே அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வெளியே திறந்துவிடவேண்டும். இந்தக் கணிப்பு கைப்பழக்கத்தில் வருவது. பாத்தியைப் பார்த்தே இன்றைக்கு வாரலாமா, நாளைக்கா என்று சொல்லும் ஆட்கள் அளத்தில் உண்டு.

பாத்திக்கு அடித்தளம் வேண்டும். மழை முடிந்ததும், ஜனவரியை ஒட்டி, சேற்றை வழித்து, வரப்பைச் சரிசெய்து, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அதன்பின் தண்ணீர் விட்டு, பிப்ரவரி மார்ச்சுக்குள் உப்பு எடுக்கத் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓடும். வாரிய உப்பை வரப்பில் ஏற்றி, சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் குவிப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு ஏறும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதுண்டு. காலணியும் கண்ணாடியும் எல்லா அளங்களிலும் எல்லாருக்கும் முறையாகக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டிய அடிப்படைப் பொருள்கள், அவற்றை நாம் இன்னும் நலத்திட்டச் செய்தியாகவே வாசிக்கிறோம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஒரு நல்ல மழை போதும், பாத்தியில் விளைந்தது கரைந்து, தேக்கத்தில் ஏற்றிய அடர்த்தியும் இறங்கிவிடும். டிசம்பர் வரை அளத்தில் வேலையில்லை. கோடையில் நாலு நாள் மழை அடித்தாலும் ஒரு வாரம் பத்து நாள் போய்விடும். ஆக, உப்பளத் தொழிலாளிக்கு வருஷத்தில் வேலை இருப்பது நல்ல வருஷத்தில் எட்டு மாதம், மோசமான வருஷத்தில் ஐந்து மாதம்.

இனி கணக்கெடுப்பின் விதியைப் பாருங்கள். கடந்த ஒரு வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். 2011-ல் இந்த இரண்டாவது வகையை மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை, மூன்று மாதத்துக்கும் கீழே என்று இரண்டாகப் பிரித்தார்கள். கோட்டை ஆறாவது மாதத்தில் கிழித்திருக்கிறார்கள். உப்பளத்தின் வருஷம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதே பெண், அதே அளம், அதே கை. மழை முன்னதாக வந்த வருஷம் என்றால் அவர் ஒரு பத்தியில், பின்னதாக வந்தால் இன்னொரு பத்தியில். "இந்தக் கிராமத்தில் குறுகிய காலத் தொழிலாளர் கூடிவிட்டார்கள், வேலைவாய்ப்பு சரிந்துவிட்டது" என்று யாராவது கட்டுரை எழுதினால், முந்தைய வருஷம் மழை எப்படி என்று கேளுங்கள்.

இன்னொரு நுணுக்கம் இதைவிட முக்கியமானது. ஆறு மாதம் என்பது ஒரே வேலையில் ஆறு மாதம் என்று பொருளல்ல. வருஷத்தில் பார்த்த எல்லா வேலை நாளையும் கூட்டியே முடிவு செய்யவேண்டும். எந்த வேலையில் அதிக நாள் போனதோ அதை வைத்துப் பிரிவு. இது பெண்களின் விஷயத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஒரு வீட்டை நாமே உருவாக்கிப் பார்ப்போம். கணக்கெடுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். டீச்சர் கேட்கிறார்:

"அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"நான் என்ன டீச்சர் பாக்குறேன், வீட்லதான் இருக்கேன்."

அந்த இடத்தில் நின்றுவிட்டால் அவர் வேலை செய்யாதவர். டீச்சர் உள்ளூர் நிலவரம் தெரிந்தவராக இருந்து, "அளத்துக்குப் போகலையாக்கா?" என்று கேட்டால், "அது போவேன், போன வருஷம் மழையில அஞ்சு மாசந்தான் ஓடுச்சு" என்பார். இப்போது குறுகிய காலத் தொழிலாளர். "மிச்ச மாசம்?" என்று இன்னும் ஒரு கேள்வி போட்டால்: காரலும் சூடையும் மலிவாக வரும்போது கூடையோடு வாங்கிக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக விற்றது ஒரு மாதம், நூறு நாள் வேலை ஒரு மாதத்துக்குக் கிட்ட, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில் பாசி எடுத்தது கொஞ்சம். கூட்டினால் ஆறைத் தாண்டிவிடும். அதே அக்கா இப்போது முதன்மைத் தொழிலாளர். மூன்று பதில், மூன்று பிரிவு. மாறியது டீச்சர் கேட்ட கேள்வி மட்டும்தான்.

கருவாட்டிலேயே ஒரு கிளை உண்டு. மீனை வாங்கித் தானே கீறிக் காயவைத்து விற்றால் அது வீட்டுத் தொழில், ஏனென்றால் அங்கே ஒரு பொருளைப் பதப்படுத்துகிறார். காய்ந்த கருவாட்டை வாங்கிச் சந்தையில் விற்றால் அது வெறும் வியாபாரம், "மற்றத் தொழில்" பக்கம் போய்விடும். பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒரே கருவாட்டுக் கூடையோடு இருக்கும் இரண்டு பெண்கள் வெவ்வேறு பிரிவில் விழுவார்கள்.

பாசியும் சாதாரண விஷயமல்ல. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் செய்யப் போகும். கட்டக்கோரை வேறு ஆலைக்குப் போகும். இதற்காக இந்தக் கடலோரத்தில் பெண்கள் மூக்கு வரை தண்ணீரில் மூழ்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து பறித்து எடுக்கிறார்கள். 1986-ல் இந்த வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கீழக்கரைத் தீவுக் கூட்டத்தில் மட்டும் முல்லி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். இதில் பூவரசன்பட்டி கடலுக்குள் போய்விட்டது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. பூங்காவான பிறகு தீவுப் பக்கம் போவது சட்டத்தை மீறுவதாக ஆனது. பாறையைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரில் பாட்டி காலத்திலிருந்து இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பத்தியிலும் இல்லாதபோது, அவர்களுக்கு மாற்று என்ன என்று கேட்க ஆளில்லாமல் போகிறது. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி, மாதத்தில் குறிப்பிட்ட நாள்தான் எடுப்பது என்று பெண்களை ஒன்றுசேர்த்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தவர். 2015-ல் அமெரிக்காவின் சீக்காலஜி பரிசு அவருக்கு வந்தது. உலகம் பார்த்துப் பாராட்டிய அந்தத் தொழிலுக்கு நம் கிராம அட்டவணையில் தனியாக ஒரு வரி கிடையாது.

ஆண்களின் கடலுக்கும் மாதக் கணக்கு உண்டு, அது காற்றை வைத்து. வாடை வீசும் மாதங்கள் ஒரு மாதிரி, கச்சானும் சோளகமும் எழும்பும் மாதங்கள் ஒரு மாதிரி. காற்று சரியில்லாத நாளில் நாட்டுப்படகு கரையில்தான் கிடக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017 வரை அது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு நிற்கும்போது, நாட்டுப்படகுக்காரருக்குக் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும். பாடு குறைந்த மாதத்தில் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பாடு கூடிய மாதத்தில் கழியும். அந்த முன்பணத்துக்கு ஈடாக மீனை அவருக்கே கொடுக்கவேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. தொழில் என்ன என்று கேட்டால் "மீன்பிடி" என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குள் படகு உள்ளவர், பங்குக்குப் போகிறவர், கூலிக்குப் போகிறவர், கடனுக்குப் போகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள்.

உள்நாட்டுப் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாயல்குடிப் பக்கம் பனைத் தொழில், பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி காய்ச்சுவது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது இன்னொன்று; அது மண்ணைக் கெடுத்தது என்று நாம் பேசினாலும் மழையில்லாத வருஷத்தில் அடுப்பெரிய வைத்ததும் அதே மரம்தான். மானாவாரி முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடற்கரை வீட்டுக்கும் இந்த வேலைகளுக்கும் போக்குவரத்து உண்டு, உறவு வழியாகவும் கூலி வழியாகவும்.

வந்து போன தொழிலும் ஒன்று உண்டு. எண்பதுகளில் வாலிநோக்கம் கரையில் கப்பல் உடைத்தார்கள். மாநிலத்தின் சிறு துறைமுகப் பட்டியலில் இந்த ஊரின் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது. குஜராத்தின் அலங்கில் 1983-ல் இதே தொழில் தொடங்கி உலகின் பெரிய கப்பல் உடைப்புக் கரையாக வளர்ந்தது. அங்கே ஓதத்தில் தண்ணீர் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்; ஏற்றத்தில் கப்பலைக் கரையேற்றிவிட்டு, வற்றத்தில் காய்ந்த தரையில் நின்று வெட்டலாம். இங்கே அந்த வசதி இல்லை, மன்னார் வளைகுடாவில் ஓதம் ஒரு மீட்டர்கூடத் தேறாது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணும் கணக்கில், இப்படி இடையில் வந்து இடையில் சுருங்கும் தொழில் எவ்வளவு பேருக்குச் சோறு போட்டது என்பது பதியாமலே போகலாம்.

இந்தப் பிரிவுகள் எல்லாம் காகித விஷயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பணத்தின் வழியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு. 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பெண் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 கொடுக்கும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்ற உதவி அண்மை ஆண்டுகளில் வந்தது. தூத்துக்குடி, இராமநாதபுரம் அளக்காரர்கள் நெடுங்காலம் கேட்டுப் பெற்றது. ஒவ்வொன்றுக்கும் கதவு தனி. மீனவர் என்ற அட்டை ஒன்றுக்கு, உப்பளத் தொழிலாளர் என்ற சான்று இன்னொன்றுக்கு. ஆறு மாதம் அதுவும் மூன்று மாதம் இதுவுமாக இருப்பவர் எந்தக் கதவுக்குப் போனாலும் "நீங்க இதுல வரமாட்டீங்க" என்று கேட்க நேர்கிறது. அட்டை தருவதற்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பது உண்மை. ஆனால் இந்தக் கரையில் பெண் உப்பளத் தொழிலாளர் இவ்வளவு, பாசி எடுப்பவர் இவ்வளவு என்ற எண் இருந்தால்தான் திட்டம் போடுபவர் அந்தக் கதவின் அகலத்தைத் தீர்மானிக்க முடியும்.

ஊரா, நகரமா என்பதிலும் தொழில்தான் தீர்ப்புச் சொல்கிறது. 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், அதோடு ஆண் முதன்மைத் தொழிலாளரில் முக்கால் பங்கு விவசாயமல்லாத வேலையில் இருக்கவேண்டும். மூன்றும் இருந்தால் கணக்கெடுப்பு அதை நகரம் என்று எழுதிக்கொள்ளும். 1961-லும் 1971-லும் மீன்பிடிப்பை விவசாயமல்லாத வேலையாகப் பார்த்தார்கள். 1981-ல் அதை விவசாயத்தின் பக்கம் தள்ளினார்கள். கரையில் ஒரு பிடி நெல் விளையாத மீனவ ஊரும் அந்த விதிப்படி விவசாயக் கிராமம் ஆனது.

அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவைக் குறிப்பு நேரமாகக் கொண்டது. அதற்கு முந்தைய பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவதாக ஏற்பாடு. இந்த முறை கைபேசியில் பதிவு, வீட்டார் தாங்களே பதிந்துகொள்ளவும் வழி உண்டு, சாதி விவரமும் சேர்கிறது. பேச்செல்லாம் சாதியைச் சுற்றியே நடக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் வேலைக் கேள்விக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஊராட்சியிலும் மகளிர் குழுக்களிலும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: "வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள், போன பிப்ரவரியிலிருந்து மாதம் மாதமாக என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அளம், கருவாடு, பாசி, நூறு நாள், கரி, மிளகாய் பறிப்பு, எதையும் விடவேண்டாம். தாங்களே கைபேசியில் பதிகிற வீட்டில் பதிபவர் பெரும்பாலும் படித்த பையனாக இருப்பான். அம்மாவின் வேலையைப் பதியுமுன் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

எண்ணப் போகும் டீச்சர்களுக்கும் ஒன்று. பிப்ரவரியில் அளத்தில் பாத்தி மிதிப்பும் முதல் வாரலும் நடந்துகொண்டிருக்கும். விடியுமுன் போனவர்கள் திரும்ப மதியம் ஆகும். காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் இருக்கும் தாத்தாதான் எல்லாருக்கும் பதில் சொல்வார். மூன்று மணிக்குப் பிறகு போவது நல்லது.